திருகில் அரைச் சுற்று

பந்தயம் இதுதான். அப்பா தன் கையால் ட்யூன் செய்த கார்புரேட்டரோடு வீட்டின் பழைய கார், திங்கட்கிழமை மூன்று மணிக்குப் புகைச் சோதனையில் தேறிவிட்டால் மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பழைய கம்பெனிக்கே வேலைக்குத் திரும்ப வேண்டும். தேறாவிட்டால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட் அவளுடையது. பழைய கார்களுக்கு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பொருத்தும் கடையை அவள் அங்கே திறந்துகொள்ளலாம். அப்பா வாயைத் திறக்கக் கூடாது.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் சூடாகப் பேசி, அதே சூட்டில் கைகுலுக்கி முடிவு செய்தார்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போது அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். தினம் அந்த வண்டியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை விடிந்தது.

காலை ஐந்தரைக்கே பானட் திறந்திருந்தது. அப்பா நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய், சைலன்ஸர் புகையைக் கையால் அள்ளி முகர்ந்தார். முப்பது வருடமாக இப்படித்தான். அவருடைய மெக்கானிக் கடைக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'மூக்கு'. அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிகிறார் மனிதர்.

மகள் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எட்டு மாதத்துக்கு முன் கார் சர்வீஸ் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தவள். அவள் கண்டுபிடிக்கும் பழுதுகளையெல்லாம் மேலாளர் தன் பெயரில் எழுதிக்கொண்டால் யார்தான் இருப்பார்கள்? இப்போது அதே மேலாளர் திரும்பக் கூப்பிடுகிறார். இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் வேண்டுமாம்.

"அப்பா, என்கிட்ட புகை பார்க்கற மெஷின் இருக்கு. ஒரு தடவை வெச்சுப் பார்த்துடலாமே."

"என் மூக்குக்கு பேட்டரி வேண்டாம்."

"நான் பந்தயத்துக்காகச் சொல்லல."

"நானும் அதுக்காகச் சொல்லல. எதிர்வீட்டு வண்டியைப் பார்த்தல்ல? புத்தம்புது இன்ஜெக்‌ஷன். சுண்டு விரல் அளவுக்கு ஒரு சென்சார் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிச்சு. லாரி வந்து தூக்கிட்டுப் போச்சு. கார்புரேட்டரா இருந்தா நடுரோட்டுலயே கழட்டி ஊதிட்டு வீடு வந்து சேர்ந்திருக்கலாம்."

"ஊதலாம்ப்பா. வாரா வாரம் ஏன் ஊதிக்கிட்டே இருக்கணும்னுதான் கேக்கறேன்." அவள் படியிலிருந்து இறங்கி வந்தாள். "நீங்க என்னிக்கோ திருகி வெச்ச கணக்குதான் கார்புரேட்டருக்குத் தெரியும். குளிர்னாலும் அதே கணக்கு, மேட்டுல ஏறினாலும் அதே கணக்கு. இன்ஜெக்‌ஷன் அப்படியில்ல. எவ்வளவு காத்து வருது, இன்ஜின் எவ்வளவு சூடா இருக்குன்னு பார்த்துப் பார்த்து பெட்ரோலை விடும். பின்னாடி போற புகையை மோந்து பார்த்து, கூடக் குறைய இருந்தா தானே சரி பண்ணிக்கும்."

"அப்போ அதுக்கும் மூக்கு இருக்குன்னு ஒத்துக்கற."

"இருக்கு. ஆனா அந்த மூக்குக்குக் கர்வம் கிடையாது."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நாள் பூரா ஆஸ்பத்திரியில ஊசி போட்டு அலுத்துப் போறேன். வீட்டுலயும் விடிஞ்சா இன்ஜெக்‌ஷன் பேச்சுதானா?"

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் மிக்ஸ்சர் திருகைப் பார்த்து உச்சுக் கொட்டினார். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது காற்றோடு எவ்வளவு பெட்ரோல் சேர வேண்டும் என்பது அந்தக் குட்டித் திருகின் கையில்தான் இருக்கிறது. உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். வெளியே திருப்பினால் கூடும்.

"பாரு, மறுபடியும் உள்ள போயிருக்கு. வாரா வாரம் இதே கதை. ரோட்டுல ஆடி ஆடித் தானா இறுகிக்குது."

"ஆடினா திருகு கழலும்ப்பா. எங்கயாவது இறுகுமா?"

"இது இறுகும். இருபத்தாறு வருஷமா இந்த வண்டியைப் பார்க்கறேன், எனக்கே சொல்லித் தரியா? அந்தத் தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவர் இருந்தா இதுக்கு அளவா இருக்கும். எங்க தொலைஞ்சுதோ, எத்தனை வருஷமாத் தேடறேன்." கையிலிருந்த பெரிய ஸ்க்ரூடிரைவரை வைத்தே திருகைத் தாராளமாக வெளியே திருப்பினார். "வண்டிக்குப் பசி தெரியக் கூடாது. அவ்வளவுதான் ட்யூனிங்."

திருப்தியாகத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மெஷினை எடுத்து வந்து சைலன்ஸருக்குள் குழாயைச் செருகினாள். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கில் போய் நின்றது. கார்பன் மோனாக்சைடு. அப்பாவின் தாராளம் அத்தனையும் அங்கே இருந்தது.

அவள் ஜெயித்துவிட்டாள். எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும், ஷெட் கைக்கு வந்துவிடும்.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சோதனை மையத்தில் வரிசையில் நிற்கிற பாதிப் பேருக்கு 'மூக்கை'த் தெரியும். அத்தனை பேர் எதிரில் ஒரு துண்டுக் காகிதத்தை வாங்கிப் படித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளப்போகும் மனிதரை நினைத்துப் பார்த்தாள். அவரை எதிர்த்துப் பேசலாம், சண்டை போடலாம், மல்லுக்கு நிற்கலாம். இந்தக் கோலத்தில் பார்க்க மட்டும் அவளால் முடியாது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அரைச் சுற்று, உள்ளே. எண் இறங்கி, அனுமதித்த அளவுக்குள் சமர்த்தாக உட்கார்ந்தது. வண்டி இனி நிச்சயம் தேறும். பானட்டை இறக்கி மூடினாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாயிற்று என்று புரிந்தபோது அழுகை வரவில்லை, தன் மேலேயே எரிச்சல்தான் வந்தது.

அம்மா கைப்பையோடு அவசரமாக வந்தாள். "ஏற்கனவே லேட்டு. மூணு மணிக்கு நான் நேரா அங்க வந்துடறேன், நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வந்துடுங்க. வர்ற வழியில அடிச்சுக்காதீங்க." வண்டி தெருவைத் தாண்டிப் போனது.

பஸ்ஸில் அப்பா முன் இருக்கையிலும் மகள் பின் இருக்கையிலும் உட்கார்ந்தார்கள். ஆனால் டிக்கெட் இரண்டையும் அப்பாதான் வாங்கி, ஒன்றைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார்.

சோதனை மையம் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. தரையில் மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டி வண்டி உள்ளே போய்விட்டால் யாரும் பானட்டைத் தொடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். வரிசையில் எல்லாம் வயதான கார்கள், அவற்றை விட்டுக்கொடுக்காத மனிதர்கள்.

அம்மா வந்து சேர்ந்தபோது வரிசையில் அவர்கள் முறை வந்துவிட்டிருந்தது. சோதனைக்காரர் கையை ஆட்ட, வண்டி நேராகக் கோட்டைத் தாண்டியது. இறங்கிய அம்மாவின் முகம் சரியில்லை.

"சிக்னல்ல ரெண்டு தடவை ஆஃப் ஆயிடுச்சுங்க."

"ஆஃப் ஆச்சா? நான் ட்யூன் பண்ண வண்டியா?"

பதில் சொல்வதுபோல இன்ஜின் இருமியது. விட்டு விட்டு அடித்தது. காலையில் மகள் பானட்டை மூடியபோது வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது என்ன வந்தது?

சோதனைக்காரர் குழாயைச் செருகினார், திரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"கார்பன் மோனாக்சைடு ரொம்பக் கம்மி, பிரமாதம். ஆனா எரியாத பெட்ரோல் அளவுக்கு மேல நாலு மடங்கு வருது. பெட்ரோல் பத்தாம இன்ஜின் விட்டு விட்டு எரியுது சார். எரியாதது அப்படியே வெளிய வந்துடுது. ஃபெயில்."

"பத்தலையா?" அப்பாவின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "என் ட்யூனிங்ல பெட்ரோல் பத்தலைன்னு சொல்றீங்களா? கூடிப்போச்சுன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். பத்தலைன்னு சொல்லாதீங்க!"

வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன மூக்கு, ஜலதோஷமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார்.

"கை வெச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். 'உங்களைக் காப்பாத்தத்தான் வெச்சேன்' என்று உண்மையையும் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் எதிரில் அதைச் சொன்னால் ஃபெயிலைவிட அது கேவலம் அவருக்கு. அவள் நிமிர்ந்து நின்றாள்.

"வெச்சேன்."

"ஒரு ஷெட்டுக்காகவா?"

"வெச்சேன்னு சொல்லிட்டேன். என்ன வேணா நினைச்சுக்குங்க. ஆனா நான் திருப்பினது அரைச் சுத்து. அரைச் சுத்துக்கு இந்த அளவுக்கு வராது. அது உங்களுக்கே தெரியும்."

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா சொன்னாள்.

"மீதி அரைச் சுத்து நான்."

இருவரும் திரும்பினார்கள். அம்மா கைப்பையைத் திறந்து, சீப்புக்கும் மாத்திரை டப்பாவுக்கும் அடியிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். தையல் மிஷினோடு வந்தது. வருடக்கணக்காக வீட்டில் தேடப்பட்டது.

"அது... அது எப்படி உன்கிட்ட?"

"தொலைஞ்சு போனாத்தானே தேடணும்? என் பையிலதான் இருக்கு. திங்கக்கிழமை திங்கக்கிழமை ஆஸ்பத்திரி பார்க்கிங்ல பானட்டைத் தூக்கி அரைச் சுத்து உள்ள திருப்பிட்டுத்தான் வேலைக்கே போவேன். இல்லேன்னா வாரம் முழுக்க துணியெல்லாம் பெட்ரோல் நாத்தம் அடிக்கும். நோயாளிங்க மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க."

"இருபத்தாறு வருஷமாவா?"

"முதல் வருஷம் எனக்குத் தெரியல. இருபத்தஞ்சுன்னு வெச்சுக்குங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா? நீங்க சந்தோஷமா வெளிய திருப்பினீங்க, நான் நிம்மதியா உள்ள திருப்பினேன். வீடு அமைதியா ஓடிச்சு. இன்னிக்கு லேட்டாயிடுச்சு, மோந்துகூடப் பார்க்கல. பழக்கதோஷத்துல திருகிட்டேன். இவ ஏற்கனவே திருகியிருப்பான்னு நான் கண்டேனா?"

தானாக இறுகும் திருகு! அப்பா பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். மகளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

சோதனைக்காரர் கடிகாரத்தைக் காட்டினார். "அஞ்சு மணி வரைக்கும் ஒரு மறுசோதனை உண்டு. கோட்டுக்கு வெளிய கொண்டுபோய்ச் சரி பண்ணிட்டு வாங்க. இதுலயும் போச்சுன்னா வண்டி ரோட்டுல ஓட முடியாது, சொல்லிட்டேன்."

வண்டி வெளியே வந்தது. அப்பா ஸ்க்ரூடிரைவரை உருவிக்கொண்டு முன்னால் போனார். மகளும் போனாள். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நுழைந்தாள்.

"தள்ளுங்க ரெண்டு பேரும்."

"இரும்மா, மெஷின் கொண்டு வந்திருக்கேன்..."

"தள்ளுடின்னா."

பானட்டைத் தூக்கினாள். குனிந்தாள். வெளியே அரைச் சுற்று. இன்ஜின் இருமலை விட்டது. காதைக் கொடுத்துக் கேட்டாள், பின்னால் போய் முகர்ந்தாள், திரும்பி வந்து மயிரிழை அளவு உள்ளே திருப்பினாள். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நரம்பைத் தேடி ஊசி ஏற்றுகிற நிதானம் அந்தக் கையில் இருந்தது.

வண்டி தேறியது. இரண்டு எண்களும் அளவுக்குள். இந்த முறை வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சோதனைக்காரர் சான்றிதழை நீட்டி, "ஓனர் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அப்பா பழக்கத்தில் கையை நீட்டினார். சோதனைக்காரர் காகிதத்தில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கையெழுத்துப் போட்டாள். மகளும் அப்பாவும் அப்போதுதான் ஞாபகம் வந்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் அமைதி இரண்டு தெருவுக்குத்தான் தாங்கியது.

"கார்புரேட்டரோட பாஸ்," என்றார் அப்பா கண்ணாடியைப் பார்த்து. "பந்தயம் பந்தயம்தான்."

"உங்க ட்யூனிங்ல பாஸாகணும். அதுதான் பந்தயம். உங்க ட்யூனிங் எங்க இருக்கு அதுல?"

"பாஸா இல்லையா?"

"பாஸ். அம்மா பாஸ். நீங்க இல்ல!"

அம்மா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள்.

"வண்டி யாரோடதுன்னு கேக்காம ரெண்டு பேரும் என் வண்டி மேல பந்தயம் கட்டினீங்க. சரி. ட்யூன் பண்ணது நான், பாஸ் பண்ணதும் நான். ஜெயிச்சதும் நான்தான். ஷெட் எனக்கு வந்தாச்சு. அதை இவளுக்குக் குடுக்கறேன். இவ முதல்ல இன்ஜெக்‌ஷன் போடப்போற வண்டி இது."

அப்பா முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். "இவ்வளவு நல்லா ட்யூன் பண்றியே, உனக்கெதுக்கு இன்ஜெக்‌ஷன்?"

"நல்லாப் பண்றதாலதான் சொல்றேன். இருபத்தஞ்சு வருஷமா வாரா வாரம் குனிஞ்சு குனிஞ்சு நிமிர்ந்தாச்சு. குளிர்ல சோக்கை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாச்சு. சாவியைப் போட்டா வண்டி கிளம்பணும், அவ்வளவுதான் எனக்கு வேணும். இந்தத் திருகைவிட எனக்கு வேற வேலை இருக்கு."

"நடுவழியில கம்ப்யூட்டர் காலை வாரிச்சுன்னா?"

"என் பொண்ணைக் கூப்பிடுவேன். உங்களை இல்ல."

அம்மா சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஆறு அடிக்கப் பத்து நிமிடம். ஷெட்டின் வாசலில் மகள் நின்றபோதே போன் வந்தது. மேலாளர்.

"சார், நான் வரல."

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?" அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. "உங்களை எதுக்குக் கூப்பிட்டோம்னு தெரியுமா? எங்க புதுக் கிளை உங்க தெருமுனையிலதான் வருது. காலியா கிடக்கே, அந்தப் பெரிய மாடிக் கட்டடம், அதுதான். ஒரே நேரத்துல எட்டு வண்டி தூக்கலாம். அதை நடத்த ஆள் தேடினோம். நீங்க வரலேன்னா வேற ஆள் வருவாங்க. உங்க பின்கட்டு ஷெட்டு எத்தனை நாள் தாங்கும்னு நினைக்கறீங்க?"

அவள் போனைக் காது மாற்றிக்கொண்டாள். "தாராளமா வாங்க சார். தெரு அகலமாத்தான் இருக்கு. ஆனா இனிமே பழுதை நீங்களேதான் கண்டுபிடிக்கணும், கண்டுபிடிச்சு உங்க பேர்ல எழுதிக்கக் குடுக்க நான் இருக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

ஷெட் பூட்டைத் திறந்தார். உள்ளே போய்த் தன் பழைய வேலை மேஜையைக் கரகரவென்று இழுத்து இடது சுவரோரம் போட்டார். "இந்தப் பக்கம் என்னுது. யாரும் நகர்த்தக் கூடாது."

"நான் நகர்த்தல."

அவர் மேஜை மேலிருந்த தூசியை ஊதினார். ஊதிவிட்டு, அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"காலையில எந்தப் பக்கம் திருப்பின?"

அவள் குனிந்து தரையில் கிடந்த ஒரு நட்டை எடுத்தாள்.

"உங்கம்மா அரைச் சுத்து உள்ள. அப்படியும் பெட்ரோல் பத்தலேன்னா நீயும் உள்ளதான் திருப்பியிருக்கணும். என்னைத் தோக்கடிக்கணும்னா வெளிய திருப்பியிருப்ப. இல்ல, சும்மா விட்டிருந்தாலே தோத்திருப்பேன். மெஷின் வெச்சுப் பார்த்துத்தானே திருப்பின?"

"ஆமா."

அப்பாவின் கை தூசியிலேயே நின்றது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. அது அவளுக்குத் தெரிந்துவிடப் போகிறதே என்ற கோபமும் கூடவே வந்தது.

"எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கேட்டுக்கோ. தெருமுனையில எட்டு வண்டி தூக்கறவன் வரான். அவன்கிட்டயும் இப்படித்தான் விட்டுக்கொடுத்துக்கிட்டு நிப்பியா?"

"மாட்டேன்."

"என்கிட்டயும் விடாதே."

"இனிமே விட மாட்டேன்ப்பா. பார்த்துக்கிட்டே இருங்க."

"பார்க்கறேன், பார்க்கறேன்." வாசல் வரை போனவர் நின்றார். "அந்த கார்புரேட்டரை நீ கழட்டாதே. நாளைக்கு நான் கழட்டறேன். எப்படிக் கழட்டணும்னு எனக்குத்தான் தெரியும்."

வீட்டுக்குள் போய்விட்டார். ஷெட் கதவை அவர் சாத்தவில்லை, பூட்டு திறந்தபடி கொண்டியில் தொங்கியது. சாவி மட்டும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.